உஷார்! அந்த குரூப்பில் உங்கள் பிள்ளை எதற்குச் சிரிக்கிறான்?

மகள் கையில் போன் இருந்தால் நமக்குப் பதறுகிறது. யாரோடு பேசுகிறாள், எந்தப் போட்டோவை டிபி வைத்திருக்கிறாள், ராத்திரி பதினொரு மணிக்கு எதற்கு ஆன்லைனில் இருக்கிறாள்? கேள்வி மேல் கேள்வி. மகன் கையில் போன் இருந்தால், "கேம் ஆடிக் கண்ணைக் கெடுத்துக்காதடா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

ஆண் பிள்ளையைப் பெற்றவர்களே, முதலில் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. "எனக்குப் பையன்தானே, எனக்கென்ன கவலை" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். போலீஸ் ஜீப் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

ஒரு மாவட்டத் தலைநகரில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். அந்தப் பெண் குழந்தை இனியாவது நிம்மதியாக இருக்கட்டும்.

பிளஸ் ஒன் வகுப்பு. இரண்டு வாட்ஸ்அப் குரூப். ஒன்று கிளாஸ் மிஸ் இருக்கிற குரூப். அதில் ஹோம்வொர்க், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, மழை பெய்தால் நாளைக்கு லீவா என்ற கேள்வி. இன்னொன்று மிஸ் இல்லாத குரூப். பையன்கள் மட்டும். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

முதலில் கிரிக்கெட், மீம்ஸ், வாத்தியார்களைக் கிண்டல். எந்தக் காலத்துப் பையன்களும் செய்கிற சேட்டைதான். பிறகு ஒருவன் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தான். கிளாஸில் செம ஃபிகர் யார், சப்பை ஃபிகர் யார்? எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். அடுத்து, பெண்கள் ஸ்டேட்டஸில் வைத்த படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மார்க் போட்டார்கள். அப்போதும் யாரும் 'போதும்டா' என்று சொல்லவில்லை.

அந்த வகுப்புப் பெண் ஒருத்தி, இவர்களில் ஒருவனிடம் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லியிருக்கிறாள். அவள் செய்த 'குற்றம்' அதுதான். அன்று முதல் குரூப்பில் அவளுக்குப் பெயர் போய் பட்டப்பெயர் வந்தது. "திமிரு புடிச்சவ. பாடம் கத்துக்குடுக்கணும்டா." என்ன பாடம் என்பதையும் பச்சையாக எழுதினார்கள். அதை இங்கே அச்சில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெண்ணை என்ன செய்யலாம் என்கிற யோசனைகள் அவை. ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாக, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் பொம்மைகள்.

எழுதியவர்களுக்குப் பதினாறு வயது!

அதற்கடுத்த வாரம் அவளுடைய படம் வந்தது. ஆண்டு விழாவுக்கு அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்ற படம். அதை ஏஐயிடம் கொடுத்து ஆடையில்லாத படமாக மாற்றியிருந்தான் ஒருவன். குரூப்பிலிருந்து டியூஷன் குரூப்புக்கு, அங்கிருந்து பக்கத்துப் பள்ளிக்கு. ஒரே ராத்திரி.

அதைச் செய்தவனைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அந்த குரூப்பில் இருந்த இன்னொரு பையனைப் பாருங்கள். நன்றாகப் படிக்கிறவன். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கி வைப்பவன். கடைக்குப் போகச் சொன்னால் முகம் சுளிக்காமல் போகிறவன். அவன் அந்தப் படத்தைச் செய்யவில்லை. யாருக்கும் அனுப்பவில்லை. சிரிக்கிற பொம்மை ஒன்றைத் தட்டினான். அவ்வளவுதான். ஆனால் வாட்ஸ்அப் அந்தப் படத்தைத் தானாகவே அவன் போன் கேலரியில் இறக்கி வைத்திருந்தது. விசாரணையில் அவன் போனும் போனது. பரீட்சைக்கு முந்தைய வாரம் முழுக்க அம்மாவும் பிள்ளையும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "என் புள்ள ஒண்ணும் பண்ணலைங்க. சிரிச்சான், அவ்வளவுதாங்க." அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

சிரித்தான். அதுதான் விஷயமே.

அந்தப் பெண்? படம் சுற்றுவது அவளுக்குப் பல நாள் முன்பே தெரியும். தோழி ஒருத்தி காட்டிவிட்டாள். ஆனால் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஏன்? "சொன்னா முதல்ல என் போனைத்தான் புடுங்குவாங்க. அப்புறம் ஸ்கூலை நிறுத்துவாங்க." அவள் நினைத்தது தப்பில்லை. விஷயம் தெரிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஸ்டேட்டஸ்ல போட்டோ வைக்கச் சொன்னது யாரு?" அந்தப் பக்கம், பையன்களின் வீடுகளிலும் அதே பேச்சு: "அந்தப் பொண்ணு எதுக்குப் போட்டோ போடணும்?" அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே இடம், அந்தப் பெண்ணின் மேல் பழி போடுவதில்தான். அவள் இப்போது வேறு ஊரில், சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள்.

"எங்கேயோ ஒரு ஸ்கூல்ல நடந்தது, நம்ம புள்ளைங்க அப்படியில்ல" என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? டெல்லிக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2020 மே மாதம். ஊரடங்கு. தெற்கு டெல்லியின் பெரிய பெரிய பள்ளிகளில் படித்த பையன்கள் இன்ஸ்டாகிராமில் 'பாய்ஸ் லாக்கர் ரூம்' என்று ஒரு குரூப் வைத்திருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பெண்களின் படங்களைப் போட்டு ஆபாசமாகப் பேசிக்கொண்டிருந்தது வெளியே கசிந்தது. நாடே அதிர்ந்தது. குரூப் அட்மின் கைதானான். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் காசில்லையா, படிப்பில்லையா, ஆங்கிலம் தெரியாதா? எல்லாம் இருந்தது.

2022 ஜனவரி முதல் தேதி. 'புல்லி பாய்' என்ற செயலியில் முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலம் விடுவதுபோலப் போட்டிருந்தார்கள். பத்திரிகையாளர்கள், சமூகச் செயற்பாட்டாளர்கள் என்று நாலு பேருக்குத் தெரிந்த பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். யார் இந்தப் பாதகர்கள் என்று தேடிப் போன போலீஸிடம் சிக்கியவர்களில் இன்ஜினீயரிங் மாணவர்கள் இருந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். ஆம், பெண்! 'என் மகள் அந்தப் பக்கம் இருக்கவே மாட்டாள்' என்ற நிச்சயமும் நமக்கு வேண்டாம்.

நடிகை ராஷ்மிகாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடம்பில் ஒட்டிய வீடியோ 2023 நவம்பரில் சுற்றியது நினைவிருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பிடிபட்டவன் குண்டூர் பக்கத்து இளைஞன், இன்ஜினீயரிங் படித்தவன். அவளைப் பிடிக்கவில்லையா? பிடிக்கும்! அவளுக்காக ரசிகர் பக்கம் நடத்தியவன். ஃபாலோயர் கூட்டவே இப்படிச் செய்தானாம். பிடித்தாலும் ஆபத்து, வேண்டாம் என்றாலும் ஆபத்து. நடுவில் மாட்டுவது பெண்ணின் உடம்பு.

தென் கொரியாவில் என்ன நடந்தது தெரியுமா? நம் பெண் பிள்ளைகள் கொரியப் பாட்டும் தொடருமாகக் கிடக்கிறார்களே, அதே நாடுதான். 2024 ஆகஸ்டில், டெலிகிராமில் பள்ளி வாரியாக, கல்லூரி வாரியாக அறைகள் இருப்பது வெளியே வந்தது. உடன் படிக்கும் பெண்ணின், டீச்சரின், சில இடங்களில் சொந்த அக்கா தங்கையின் படத்தையே கொடுத்து ஆபாசப் படம் செய்து வாங்கியிருக்கிறார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பதின்வயதுப் பிள்ளைகள். பெண்கள் தங்கள் இன்ஸ்டாகிராம் படங்களை எல்லாம் அவசர அவசரமாக அழித்தார்கள். அடுத்த மாதமே அந்த நாட்டு நாடாளுமன்றம், அப்படிப்பட்ட படத்தை வைத்திருந்தாலும் பார்த்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் கொண்டுவந்தது.

பக்கத்திலேயே பாருங்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானாள். துணிந்து புகார் கொடுத்தாள். சில நாளில் அவளுடைய எஃப்ஐஆர் இணையத்தில் கசிந்தது. அடையாளத்தோடு! படித்த பிள்ளைகள் என்ன எழுதினார்கள்? "அந்த நேரத்துல அங்க என்ன வேலை?" "கூட யாரு இருந்தா?" குற்றம் செய்தவனைப் பற்றி ஒரு வரி, அவளைப் பற்றிப் பத்து வரி. எஃப்ஐஆர் எழுதப்பட்ட விதமே பெண்ணைக் குறை சொல்வதுபோல இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அடையாளம் கசிந்ததற்காக அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. விசாரணையை மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழுவிடம் கொடுத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறை.

அந்த எஃப்ஐஆரை "ஷாக்கிங் நியூஸ்" என்று ஃபார்வர்டு செய்தவர்களுக்கு ஒரு செய்தி: பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை வைக்கும் குற்றம். உங்கள் குடும்ப குரூப்பில் அதை அனுப்பிய மாமாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, நல்ல வீட்டுப் பிள்ளைக்கு இந்த விஷம் எங்கிருந்து வருகிறது? அவன் தேடிப் போகவில்லை. அது அவனைத் தேடி வருகிறது. பையன் ஜிம் வீடியோ பார்ப்பான். படிக்க உற்சாகம் தருகிற வீடியோ பார்ப்பான். நாலு ரீல் கழித்து, கோட்டு போட்ட ஒருவன் வந்து, "பொண்ணுங்களை அடக்கி வைக்கிறவன்தான் ஆம்பளை" என்பான். 2024இல் அயர்லாந்தின் டப்ளின் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதின்வயதுப் பையன்கள் பெயரில் புதுக் கணக்குகள் தொடங்கி, யூடியூப் ஷார்ட்ஸிலும் டிக்டாக்கிலும் என்ன வருகிறது என்று பார்த்தார்கள். தேடினாலும் தேடாவிட்டாலும், பெண் வெறுப்பு வீடியோ வந்து விழ 23 நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ஒரு சீரியல் எபிசோடு நேரம். நீங்கள் டிவி முன் உட்கார்ந்து எழுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது!

நம் சினிமாவும் சும்மா இல்லை. பின்னாலேயே சுற்றினால் படிவாள், "வேண்டாம்" என்றால் "வேணும்" என்று அர்த்தம், கைவிட்டவளைத் திட்டிப் பாட்டுப் பாடலாம். தலைமுறை தலைமுறையாகக் கைதட்டியிருக்கிறோம். நானும் நீங்களும்தான். 2019இல் 'நேர்கொண்ட பார்வை' வந்தபோது, ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அஜித் கோர்ட்டில் வாதாடினார். தியேட்டரில் விசில் பறந்தது சண்டைக் காட்சிக்கு.

இனி, கவனிக்க வேண்டிய அறிகுறிகள். வரிசையாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே விழித்துக்கொள்ளுங்கள்.

"சும்மா ஜாலிக்குத்தாம்மா." கற்பழிப்பை வைத்து ஜோக், பெண்ணை அடிப்பதை வைத்து மீம். கேட்டால் இந்தப் பதில். 'ஜாலி' என்று சொல்லும்போதே உஷார். அந்தப் பேச்சு பழகப் பழக, நிஜத்தில் நடந்தாலும் அவனுக்கு ஜோக்காகவே தெரியும்.

"அவ ஒழுங்கா இருந்தா ஏன் அங்க போனா?" டிவியில் செய்தி ஓடும்போது வாயிலிருந்து முதலில் வருவது இதுவா என்று கேளுங்கள். ஆனால் பாருங்கள், இதே வரியைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பக்கத்து வீட்டுப் பெண் லெக்கிங்ஸ் போட்டுப் போனதைப் பற்றி நாம் சாப்பாட்டு நேரத்தில் பேசினோமே, அவன் காதில் விழவில்லையா? தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்கள், நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர். சொன்ன ஆண்களும் கிட்டத்தட்ட அதே அளவு. பெண்களே அப்படிச் சொல்கிற வீட்டில் பையன் வேறு என்ன கற்பான்?

சிக்மா, ஆல்ஃபா (யாருக்கும் அடங்காத 'கெத்து' ஆம்பளையாம்), சிம்ப். பெண்ணை மதித்துப் பேசுகிற பையனை 'சிம்ப்' என்று கேலி செய்வதும், தோழியோடு பேசுகிறவனை 'பாய் பெஸ்டி' என்று ஓட்டுவதும் வெறும் வேடிக்கை இல்லை. நல்லவனாக இருக்கிற பையனை வாயடைக்க வைக்கிற வேலை அது. அந்த குரூப்பில் 'போதும்டா' என்று ஒருவனும் சொல்லாததற்குக் காரணம் இந்தப் பயம்தான்.

"எல்லாம் பொய் கேஸ்." இதையும் கவனியுங்கள். பொய்ப் புகாரே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. டெல்லி விவகாரத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒரு ஸ்னாப்சாட் உரையாடலை விசாரித்தபோது, பையன் பெயரில் போலிக் கணக்கு வைத்து எழுதியது ஒரு பெண் என்று போலீஸ் கண்டுபிடித்தது. அதே நாட்களில் குருகிராமில், இணையத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் உயிரை விட்டான். இணையத்தில் கூட்டமாக நின்று தீர்ப்புச் சொல்வது எந்தப் பிள்ளையையும் கொல்லும். ஆனால் எந்தப் பெண் வாய் திறந்தாலும், கேட்பதற்கு முன்பே 'பொய்' என்கிற பிள்ளையிடம் நாளைக்கு அவன் தங்கையே போய் அழ முடியாது.

மிஸ் இல்லாத குரூப். ஆள் வந்ததும் கவிழ்த்து வைக்கிற போன். தானாக அழிகிற மெசேஜ் செட்டிங். இன்ஸ்டாகிராமில் நமக்குக் காட்டுகிற கணக்கு ஒன்று, காட்டாத கணக்கு ஒன்று. வயசுப் பிள்ளைக்கு ரகசியம் இருக்கும், அதெல்லாம் சகஜம். இதோடு மேலே சொன்ன பேச்சும் சேர்ந்தால்தான் கவலை.

மகள் பக்கம் அறிகுறி வேறு மாதிரி. திடீரென்று டிபியை எடுத்துவிடுவாள். திங்கட்கிழமை வந்தால் வயிற்று வலி. போன் சத்தம் கேட்டால் திடுக்கிடுவாள். பேசிக்கொண்டிருந்த தோழிகளோடு பேச்சில்லை. அப்போது போனைப் பிடுங்காதீர்கள்! பிடுங்கினால் அவள் கதவை மூடிக்கொள்வாள். மிரட்டுகிறவன் கணக்குப் போடுவதே அதை வைத்துத்தான். பொள்ளாச்சியில் பெண்களைப் படம்பிடித்து மிரட்டிய கூட்டத்தின் முதலீடு என்ன? 'இவளுங்க வீட்ல சொல்ல மாட்டாளுங்க' என்ற நம்பிக்கை. 2019இல் ஒரு பெண் வாய் திறந்து புகார் கொடுத்ததால்தான் எல்லாம் வெளியே வந்தது. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு.

சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. கேளுங்கள்.

"கம்ப்யூட்டர் செய்த படம்தானே, நிஜம் இல்லையே?" செல்லாது! பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைக் காட்டுவதுபோல மாற்றிச் செய்த படமும் ஆபாசப் படம்தான் என்று 2019இல் போக்சோ சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

"நான் அனுப்பலை, போன்ல இருந்துச்சு, அவ்வளவுதான்." இதுவும் ஆபத்து. அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கை, தனியாகப் பார்த்தது குற்றமில்லை என்று சொல்லி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே தள்ளிவிட்டது. குழந்தைகளின் ஆபாசப் படத்தை அழிக்காமலும் புகார் சொல்லாமலும் வைத்திருந்தால், அதிலிருந்தே பரப்பும் நோக்கத்தை ஊகிக்கலாம் என்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில், தேடினாலும் இறக்கினாலும் பரப்பினாலும் முதல் முறையே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம்.

பதினெட்டுக்குக் கீழ் என்றால் பையன் போய் நிற்பது இளைஞர் நீதிக் குழுமத்தின் முன். அங்கே திருந்த வழி உண்டு. பதினாறு தாண்டியவன் மிகக் கொடிய குற்றம் செய்திருந்தால், பெரியவனைப்போல் விசாரிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கல்லூரி முதலாண்டு சேர்ந்து பதினெட்டும் முடிந்துவிட்டதா? எந்தக் குடையும் இல்லை. பள்ளியில் பழகிய அதே பேச்சு, அதே குரூப். ஆனால் இப்போது நேரே கோர்ட், ஜெயில். பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் நடக்கும் போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும்.

பள்ளி நிர்வாகம் "பேர் கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோவில் தனிக் குற்றம். கல்லூரி என்றால் உள் புகார்க் குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்று கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே கேட்டு வையுங்கள். ஹாஸ்டலில் சாம்பார் எப்படி என்று விசாரிக்கிறோமே, இதையும் விசாரிக்கலாம்.

மகனிடம் எப்படிப் பேசுவது? பெல்ட்டை எடுக்காதீர்கள். "எங்க போனைக் குடு" என்று தொடங்காதீர்கள். குரூப்பை அழித்துவிட்டு வேறு குரூப் போவான், அவ்வளவுதான் நடக்கும். செய்தியில் ஏதாவது ஒன்று ஓடும்போது, "உங்க கிளாஸ்ல இதைப் பத்தி என்னடா பேசிக்கிறாங்க?" என்று கேளுங்கள். அவனைப் பற்றிக் கேட்காமல் மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் கொட்டுவான். நடுவில் திட்டாமல் கேளுங்கள், கஷ்டம்தான். அப்பாக்களே, இது உங்கள் வேலை. அம்மா சொன்னால் அட்வைஸ் என்று விட்டுவிடுவான். பெண்ணைப் பற்றி நீங்கள் எப்படிப் பேசுகிறீர்களோ, அதுதான் அவனுக்குப் பாடம்.

இன்னொன்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். குரூப்பில் கேவலமாக ஒன்று வந்தால் பெரிய வீரனாக நின்று சண்டை போட வேண்டாம். சிரிக்காமல் இருந்தால் போதும், "டேய், இது வேணாம்" என்று ஒரு வரி போட்டால் இன்னும் நல்லது. அதற்கும் தைரியம் இல்லையென்றால் வெளியே வந்துவிட்டு உங்களிடம் சொல்லட்டும். சொன்னதற்காக அவன் போனைப் பிடுங்க மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியது: வீட்டில் இருக்கிற எல்லா போனிலும் வாட்ஸ்அப் செட்டிங்ஸில், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அப்பா போனிலும்தான். தெரியாத குரூப்பில் யாரும் சேர்க்க முடியாதபடி பிரைவசி செட்டிங்கை மாற்றுங்கள்.

அப்படிப்பட்ட படம் வந்தேவிட்டதா? யாருக்கும் அனுப்பாதீர்கள். 'ஆதாரம்' என்று தலைமை ஆசிரியருக்கும்கூட அனுப்பாதீர்கள்! எந்த குரூப், எந்த நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று தாளில் எழுதிக்கொண்டு புகார் கொடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலேயே புகார் செய்யலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்', பெரியவர்களின் படம் என்றால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச சேவைகள் உண்டு. படத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஓர் அடையாள எண் உருவாகும். அந்த எண் மட்டும் போய், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் அந்தப் படத்தைத் தடுக்கும். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் போவதை அது தடுக்காது. அதற்குப் போலீஸ்தான்.

செய்தவன் உங்கள் மகனாகவே இருந்தால்? போனை உடைத்து எறியாதீர்கள். ஆதாரத்தை அழித்த குற்றம் தனியாகச் சேரும். தாம்பூலத் தட்டோடும் நாலு பெரிய மனிதர்களோடும் அந்தப் பெண் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகாதீர்கள். போக்சோ வழக்கைப் பேசி முடிக்க முடியாது. மிரட்டியதாக இன்னொரு வழக்குத்தான் வரும். வக்கீலைப் பாருங்கள், மகனோடு சேர்ந்து கவுன்சலரையும் பாருங்கள். அவன் வாயால் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும்.

போனில் இந்த எண்களைப் பதிந்து வையுங்கள். குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. பள்ளிப் பிள்ளைகளின் புகாருக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417. படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டினால் 1930. பணத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.